அறைக்குள் வேகும் பேனலா, மாடியில் காயும் பேனலா: எதை நம்பி வாங்குவது?

"25 வருஷம் வாரண்டி சார், எல்லா டெஸ்ட்டும் பாஸ்." சோலார் பேனல் விலை கேட்டுப் போகிற யாருக்கும் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். போன வருடம் வடிவமைத்த பேனல் 25 வருடம் உழைக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்காமல் விடக்கூடாது.

சோதிக்க இரண்டு வழி உண்டு. சோதனைக்கூட அறையில் வைத்துச் சில மாதங்களில் வதைத்துப் பார்ப்பது ஒன்று. வெட்டவெளியில் வருடக்கணக்கில் போட்டு அளப்பது இன்னொன்று.

அறைச் சோதனைக்கான அடிப்படைத் தரம் ஐ.இ.சி. 61215. ஐ.இ.சி. என்பது மின்சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் சர்வதேச அமைப்பு. இந்தத் தரத்தின்படி பேனலை 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம், அதாவது சுமார் 42 நாள் வைக்கிறார்கள். மைனஸ் 40 டிகிரிக்கும் 85 டிகிரிக்கும் இடையில் 200 முறை ஏற்றி இறக்குவதும் உண்டு. சென்னைக்கு மைனஸ் 40 எதற்கு என்று தோன்றலாம். கண்ணாடி, செம்பு, சிலிக்கன் மூன்றும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். அந்த இழுபறியில் சோல்டர் வைத்த இடங்கள் விட்டுப்போகின்றனவா என்று பார்க்கத்தான் அது. மோசமான தயாரிப்பைச் சீக்கிரம் பிடித்துவிடுவது இந்த வழியின் பெரிய பலம்.

ஆனால் ஒரே பேனலை எல்லாச் சோதனைக்கும் உட்படுத்துவதில்லை. வெப்பச் சுழற்சிக்கு ஒரு பேனல், ஈரவெப்பத்துக்கு இன்னொன்று. நம் மாடியிலோ வெயில், புழுக்கம், உப்புக்காற்று எல்லாம் ஒன்றாக வருகின்றன. இந்த இடைவெளியில் நழுவியதற்குச் சாட்சி, பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்கில் பின்தாள் (பேனலின் முதுகை மூடும் தாள்) போட்ட பேனல்கள். சான்றிதழ் வாங்கி வெளியே வந்தவை, சில வருடங்களிலேயே பின்பக்கம் விரிசல் விட்டன. ஈரம் உள்ளே போனால் மின்கசிவு. அது வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்பைத் தொடுகிற விஷயம்.

வெளிச் சோதனையில் இந்த ஏமாற்றம் இல்லை. சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 1982இல் நிறுவிய பேனல்களை 35 வருடம் தொடர்ந்து அளந்தார்கள். ஒரே நிறுவனத்தின் பேனல்கள்தான், ஒரே கூரைதான். செல்களை மூடியிருந்த பிளாஸ்டிக் படலம் மாறியதால் முதுமையும் மாறியது. அதனால்தான் பிராண்டைவிட உள்ளே இருக்கும் பொருளைப் பார்க்கச் சொல்கிறேன். குறை என்ன? முடிவு வரும்போது அந்த மாடல் சந்தையிலேயே இருக்காது. லுகானோ வெயிலும் மெரினா வெயிலும் ஒன்றில்லை.

நமக்கு நெருக்கமானது, ஐ.ஐ.டி. பம்பாயும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கள ஆய்வுகள். வெப்பமான பகுதிகளில் பேனல்கள் வேகமாகத் திறன் இழக்கின்றன. பெரிய தரைப் பண்ணைகளைவிடக் கூரையில் போட்டவை மோசம். கூரையில் சூடு அதிகம். பொருத்தும்போது மேலே ஏறி மிதித்தாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். எந்த அறைச் சோதனையும் உங்கள் மாடியில் ஏறும் ஆளைச் சோதிப்பதில்லை.

எனக்கு, இரண்டும் மோதினால் மாடி சொல்வதுதான் பெரிது. 61215 சான்றிதழ் வாசல்படி. அது இல்லாததை வாங்கவே வேண்டாம். அதற்கு மேல் உப்புப்பனிச் சோதனையான ஐ.இ.சி. 61701 உண்டா, எந்தக் கடுமை நிலையில் செய்தது என்று கேளுங்கள். பிறகு பின்தாள் என்ன பொருள், அல்லது இருபக்கமும் கண்ணாடியா என்று கேளுங்கள். கடலோரத்துக்கு இருபக்கக் கண்ணாடிதான் என் தேர்வு, எடை கூடினாலும். அதே அமைப்பில் உங்கள் பகுதியில் ஐந்தாறு வருடம் ஓடிய மாடி ஒன்றைக் காட்டச் சொல்லி, பேனலின் முதுகுப் பக்கத்தைக் குனிந்து பாருங்கள். விரிசல், மஞ்சள், கம்பிகள் வெளியே வரும் ஜங்ஷன் பாக்ஸ் ஓரத்தில் துரு தெரிகிறதா என்று.

வாங்கிய பிறகு, வருடா வருடம் மார்ச் மாதம் பேனலைக் கழுவிவிட்டு, மேகமில்லாத நாட்களின் யூனிட்டைக் குறித்து வையுங்கள். வாரண்டி கேட்டுப் போகும் நாளில் அந்த நோட்டு கைகொடுக்கும்.