மாடல் காருக்கு எந்தக் கிளியர்: லாக்கர், வாட்டர் அக்ரிலிக், 2கே?

1/24 கார் மாடலில் பல வார உழைப்பு வீணாவது பெரும்பாலும் கடைசியில், நிறத்துக்கு மேல் பூசும் நிறமற்ற பூச்சான கிளியரை அடிக்கும்போதுதான். எந்தக் கிளியர் சரி என்பதை அடியில் இருக்கும் பெயின்ட்தான் முடிவு செய்யும்.

டாமியா நிறுவனத்தின் டிஎஸ்-13 போன்ற லாக்கர் (வீரியமான தின்னர் ஆவியானதும் காயும் வகை) கிளியர் கண்ணாடி மாதிரி மின்னும், சீக்கிரம் காயும், பாலிஷும் நன்றாக ஏறும். அடியில் லாக்கர் நிறம் இருந்தால் அதன் மேற்பரப்பைச் சற்றே கரைத்துப் பிடித்துக்கொள்ளும். எனாமல் என்ற எண்ணெய் வகை பெயின்ட் இருந்தால்தான் ஆபத்து. எனாமல், தின்னர் ஆவியான பிறகும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாள்கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும். பாதி இறுகிய படலத்துக்குள் லாக்கர் தின்னர் இறங்கினால் அது ஊதும், விரிய இடமில்லாமல் மடியும். என் சிவப்புக் கார் ஒன்றின் பானெட் அப்படித்தான் போனது. தொட்டால் காய்ந்திருந்தது, இரண்டாவது கோட் விழுந்ததும் பால் ஏடு போலச் சுருக்கம் ஓடியது.

லாக்கரை ஈரமாக அடித்தால் டெகாலும் (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் மெல்லிய படம்) சுருங்கும். அதனால் முதல் இரண்டு மூன்று கோட்டும் சற்றுத் தள்ளி நின்று, தூசி படிந்த மாதிரி மெல்லியதாக, ஒவ்வொன்றையும் காயவிட்டு அடிக்க வேண்டும். மழை நாளில் தொடவே வேண்டாம்: தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, வெள்ளையாகப் பூத்துவிடும்.

வாயெஹோ நிறுவனத்தினது மாதிரி, தண்ணீரில் கலக்கும் வாட்டர் அக்ரிலிக் கிளியர் நன்றாகக் காய்ந்த எனாமலையும் டெகாலையும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் பளபளப்பு குறைவு, படலமும் மென்மை; பாலிஷ் போட்டால் லாக்கர் போல வராது. மேட் ஃபினிஷ் வேண்டிய டாங்கிக்கு இதுவே போதும். அக்ரிலிக் என்ற பெயரை மட்டும் பார்த்து டாமியாவின் எக்ஸ்-22 கிளியரை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது ஆல்கஹால் வகை. லாக்கர் தின்னரில் கலந்தால் அடியில் இருப்பதைக் கரைக்கும் அதன் வேகமும் கூடிவிடும்.

2கே யூரித்தேன், அதாவது ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் இரு பகுதிக் கிளியர், மூன்றிலும் ஆழமான பளபளப்பு தரும், முழுதாக இறுகிய பின் தின்னருக்கும் அசையாது. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். சரியான ரெஸ்பிரேட்டரும் காற்றை வெளியேற்றும் வசதியும் இல்லாமல் வீட்டுக்குள் அடிக்கக் கூடாது. நான் அடிப்பதில்லை.

என் தேர்வு: லாக்கர் நிறத்துக்கு லாக்கர் கிளியர், எங்காவது எனாமல் இருந்தால் வாட்டர் அக்ரிலிக். கதவு, பானெட் இடுக்குகளான பேனல் கோடுகளுக்கான எனாமலைக் கிளியர் காய்ந்த பிறகே விடுவேன். எதுவானாலும் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அதே பிரைமர், அதே நிறம், மிச்சமான ஒரு டெகால், அதே கிளியர், அதே நாள் இடைவெளி. ஸ்பூன் மறுநாளும் சுருங்காமல் இருந்தால் அப்புறம் பாடியை எடுப்பேன்.