குட்டி யானைக்கு டயர் மாத்தப் போறீங்களா? ₹14,200 போன கதையைக் கேட்டுட்டுப் போங்க

கையில இருக்கற டயர் கரி இன்னும் போகல. எரிச்சல்லதான் எழுதறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. வண்டி டாடா ஏஸ், அதான் குட்டி யானை. காய் வெட்டினா தோப்புல இருந்து களத்துக்கு வாய்க்கா மேட்டு வண்டித்தடத்துலதான் ஓட்டணும். செம்மண், ஊடால கல்லு, போதாக்குறைக்குக் காஞ்ச மட்டை. நாலு டயரும் மொட்டையாயிடுச்சுன்னு போன மாசம் டவுன்ல ஒரு பெரிய டயர் கடைக்குப் போனேன். எல்லாக் கம்பெனி டயரும் வச்சிருக்கற கடை. பேர் போடல, போட்டா அதுக்கு வேற ஒரு பஞ்சாயத்து வரும்.

போனதும் டீ வந்துச்சு. "எந்தப் பக்கம் தோப்பு தம்பி?"ன்னு ஆரம்பிச்ச ஓனர், அவங்க அப்பா தோப்புலயும் வெள்ளை ஈ விழுந்து காய் பாதியாயிடுச்சுன்னார். கால் மணி நேரம் வெள்ளை ஈ பேச்சுத்தான். அங்கதான் விழுந்தேன். வெள்ளை ஈயைப் பத்திப் பேசறவன் ஏமாத்த மாட்டான்னு எந்தக் கணக்குல நினைச்சேனோ! "லோடு அடிக்கற வண்டிங்கண்ணா"ன்னு ரெண்டு தடவை சொன்னேன். "எங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்க போயி மருந்துக்கடை வேலையை முடிச்சுட்டு வாங்க"ன்னார். போயிட்டேன்.

திரும்பி வந்தா நாலும் மாட்டி, பாலிஷ் போட்டு, கருகருன்னு நிக்குது. அந்த ரப்பர் முடி கூட இருந்துச்சு. முடி இருந்தா புது டயருன்னு நம்பற ஆளு நான். பழசு நாலையும் அவங்களே எடுத்துக்கிட்டு, அதுக்கு ஒரு தொகையைக் கழிச்சு, என்கிட்ட ரொக்கமா வாங்கினது ₹14,200. பில்லுன்னு ஒரு துண்டுச் சீட்டு: "145-12, 4 நெ." ஜி.எஸ்.டி. பில் கேட்டேன். "அது போட்டா உங்களுக்குத்தான் கூட ஆகும் தம்பி." தலையாட்டிட்டு வந்தேன்.

இருபத்திரண்டாவது நாள். காயை ஏத்திட்டு வரும்போது பின்னாடி இடது டயர், சைடுல எலுமிச்சம்பழம் மாதிரி புடைச்சுக்கிட்டு நின்னுச்சு. மெதுவா ஓட்டிப் போயிடலாம்னு பார்த்தேன். மதகுகிட்ட டமார். வண்டி ஒரு சாய்ஞ்சு சாய்ஞ்சதுல வாய்க்காலுக்குள்ள போகாதது என் பொண்டாட்டி கும்பிடற மாசாணியம்மன் புண்ணியம்.

பஞ்சர் கடைக்காரர் வந்தார். ஸ்டெப்னி மட்டும் இன்னும் வண்டியோட வந்த பழைய டயர். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல சாய்ச்சு வச்சு, எச்சில் தொட்டுத் துடைச்சுக் காட்டினார். ஸ்டெப்னியில "145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர்.", அப்புறம் 86. எல்.டி.ன்னா லைட் டிரக், லோடு வண்டி டயரு; பி.ஆர்.ங்கறது டயரோட அடுக்கு பலம். வெடிச்சதுல "145/80 ஆர் 12", அப்புறம் 74. "ஏனுங்க, இது ஆல்ட்டோ கார் டயருங்க"ன்னார். 86-ன்னா ஒரு டயர் 530 கிலோ தாங்கும். 74-ன்னா 375 கிலோதான். பின்னாடி ரெண்டுக்கும் சேர்த்து 750. முக்கால் டன் காயும் வண்டியோட சொந்தக் கனமும் ஏறினா அது வெடிக்காம என்ன செய்யும்?

அதோட முடியல. டயரைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். நீளவட்டத்துக்குள்ள நாலு நம்பர், 3219. அதாவது 2019-ல 32-வது வாரம் செஞ்சது. அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதபடி உள்ள திருப்பி மாட்டியிருக்கானுக.

கடைக்குப் போன் பண்ணினேன். முதல் நாள் "ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க." ரெண்டாம் நாள் "கம்பெனியில கிளைம் போட்டிருக்கு." கம்பெனிக்கு எதை அனுப்பினாங்க, வெடிச்ச டயரு என் திண்ணையில கிடக்குதே? மூணாம் நாள் நேர்ல போனா டீயும் இல்ல, வெள்ளை ஈயும் இல்ல. "மாட்டின டயரைத் திருப்பி எடுக்கறதில்ல, சீட்டுல கார் டயர்னோ லோடு டயர்னோ எழுதலியே"ன்னு அந்த மனுசன் சிரிக்கறார். ₹14,200. ரெண்டு லோடு காய் இறக்கினாலும் கையில நிக்காத காசுங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லியிருக்கேன், ஆனா துண்டுச் சீட்டை வச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் போறதுன்னு தெரியல.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப முடியல. லோடு வண்டின்னா எல்.டி.ங்கற எழுத்தையும் பி.ஆர். நம்பரையும் கண்ணால பாருங்க. டயரை மாட்டறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் திருப்பி அந்த நாலு நம்பரைத் தேடுங்க. பழைய டயர்ல ஒண்ணையாவது கையோட கொண்டு வந்துடுங்க. ஜி.எஸ்.டி. பில் இல்லாம காசு எடுக்காதீங்க. மாட்டி முடிக்கற வரைக்கும் கடையை விட்டு நகராதீங்க, மருந்துக்கடை எங்கயும் ஓடிடாது.

மீதி மூணு கார் டயரும் இன்னும் வண்டியிலதான் இருக்குது. நாளைக்குக் காய் வெட்டு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன்கிட்ட டிராக்டர் கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.