வீட்டு டிவிடி ஓடலையா? ‘ரெக்கவரி’ கடையில் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

3,600 ரூபாய் போச்சு. கூடவே ஆறு டிஸ்க்கும் நாசம். பழைய வீடியோவை பென்டிரைவில் ஏற்றித் தரும் கடை ஒன்றின் வேலை இது.

கொடுத்தவை ஹேண்டிகேமில் எடுத்த 8 செ.மீ. டிவிடி-ஆர். காதுகுத்து, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் எல்லாம் அதில்தான். எந்த பிளேயரில் போட்டாலும் ‘நோ டிஸ்க்’. கம்ப்யூட்டரில் போட்டால் காலி டிஸ்க் என்றது. “கேமராவையும் தரட்டுமாண்ணா?” என்று கேட்டதற்குக் கடைக்காரர், “அதெல்லாம் வேணாம் சார், நம்மகிட்ட மெஷினே இருக்கு. டிஸ்க்குக்கு 600, முழுசா வந்துரும்” என்றார். அவ்வளவு உறுதியாகச் சொன்னதால்தான் 3,600 ரூபாயும் முன்பணமாகக் கைமாறியது.

அப்புறம் போன் செய்தால் “சாஃப்ட்வேர்ல ஓடிட்டிருக்கு”, “டெக்னீஷியன் வெளிய போயிருக்கார்”. கடைசியில், “எல்லாம் டெட் சார். செக்கிங் சார்ஜ் ரிட்டர்ன் கிடையாது.”

டெட் எல்லாம் இல்லை. ஃபைனலைஸ் செய்யாத டிஸ்க் அவை. கேமரா படத்தை எழுதிவிடும். ஆனால் ஃபைனலைஸ் கொடுத்தால்தான் மற்ற பிளேயர்கள் தேடும் பட்டியலும் முடிவுப் பகுதியும் டிஸ்க்கில் பதியும். அது இல்லாவிட்டால் உள்ளே அரை மணி நேரப் படம் இருந்தாலும் பிளேயருக்குக் காலி டிஸ்க்தான். அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: எழுதிய பகுதி உள்வட்டத்திலிருந்து ஒரு நிறமாகவும், எழுதாத பகுதி வேறு நிறமாகவும் கோடு பிரித்தது போலத் தெரியும். கடைக்குக் கொடுக்காத ஏழாவது டிஸ்க்கை அதே கேமராவில் போட்டு ஃபைனலைஸ் கொடுத்ததும் சாதாரண பிளேயரிலேயே ஓடுகிறது. பத்துப் பைசா செலவில்லை!

கடைக்காரர் செய்தது பாலிஷ். திரும்பி வந்த டிஸ்க்குகளின் அடியில் வட்டவட்டமாகத் தேய்த்த கீறல். டிவிடியில் டேட்டா அடிப்பக்கத்திலிருந்து 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. வெளிப்பக்க பிளாஸ்டிக்கைத் தேய்ப்பதால் ஃபைனலைஸ் ஆகிவிடாது. தடத்தோடு சேர்ந்து ஓடும் வட்டக் கீறல்தான் லேசருக்குப் பெரிய தொல்லை. நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறலைக்கூட பிளேயரில் இருக்கும் பிழைதிருத்தம் ஓரளவு சமாளிக்கும். இப்போது அந்த ஆறும் கேமராவில் போட்டாலும் ‘டிஸ்க் எரர்’. இதற்குத்தான் 3,600 ரூபாய்.

கோளாறை நீங்களே பிரித்தறியலாம். டிஸ்க் ஏறவே இல்லை என்றால் முதல் சந்தேகம் ஃபைனலைஸ் மீது. நன்றாக ஓடி ஓரிடத்தில் உறைந்தால் கீறலோ அழுக்கோ. கடைசிப் பகுதி மட்டும் திக்கினால் விளிம்பைப் பாருங்கள். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது.

ஃபைனலைஸ் கொடுக்கும்போது சார்ஜரைச் செருகியே வையுங்கள், பாதியில் நின்றால் டிஸ்க் போய்விடும். கேமரா இல்லையா, ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் படித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால் கேன்சல். துடைப்பது மெல்லிய துணியால், நடுவிலிருந்து வெளியே. பற்பசை வேண்டவே வேண்டாம். கடையில் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் ஒரே ஒரு டிஸ்க் கொடுங்கள், ‘பாலிஷ் செய்யக்கூடாது’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள், முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். 3,600 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தாயிற்று.