பெரணி வளர்ப்புப் பெட்டி: தட்டு அருமை, கையேடு மோசம்

செரட்டாப்டெரிஸ் ரிச்சர்டியை என்ற பெரணியின் ஸ்போர்கள் (விதைக்குப் பதிலாகப் பெரணி உதிர்க்கும் நுண்துகள்கள்), ஊட்டம் கலந்த அகார் என்ற கூழ் நிரப்பிய தட்டுகள், துளிக்குழாய், கையேடு. பள்ளி ஆய்வகத்துக்காக வாங்கிய பெட்டியில் இவ்வளவுதான். 28 டிகிரி வெப்பத்தில், நல்ல வெளிச்சத்தில் வைத்தால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இனப்பெருக்க உறுப்புகள் வந்துவிடுகின்றன. பெரணியைப் படத்தில் மட்டுமே பார்த்த மாணவர்களுக்கு இதுவே பெரிய வேடிக்கை.

நான் மதிப்பெண் போடுவது வேகத்துக்கு அல்ல. ஒரே தட்டில் இரண்டு உருவங்கள் வளர்கின்றன: விளிம்பில் பள்ளம் விழுந்த அகன்ற இருபால் உடலங்கள் (உடலம் என்பது பெரணிச் செடி பிறக்கும் முன் ஸ்போரிலிருந்து முளைக்கும் சிறு பச்சைத் தகடு), அவற்றைச் சுற்றி நாக்கு வடிவில் சின்னஞ்சிறு ஆண்கள். ஸ்போர்களோ எல்லாம் ஒரே வகை. முந்தி வளர்ந்தது ஆந்தரீடியோஜன் என்ற வேதிப்பொருளை அகாரில் கசியவிடுகிறது. பிந்தியவை அதை உணர்ந்து ஆண்களாகின்றன. ஆள் இல்லாத இடத்தில் தனித்து விழுந்த ஸ்போர் இருபாலாகவே வளரும். அது தன் விந்தணுவாலேயே கருவுற்றால், பிறக்கும் செடியின் மரபணு இணைகள் அத்தனையும் அச்சு அசலாக ஒன்றாகிவிடும். அண்டையில் ஆண்கள் இருந்தால் கலப்புக்கு வழி உண்டு. கெட்டிக்காரத்தனம்தான்!

இந்தச் சைகையை 1950இல் வெளியிட்டவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் வால்டர் டோப். லைகோடியம் ஜப்பானிக்கம் என்ற பெரணியில் அது ஜிப்ரெல்லின் என்ற தாவர ஹார்மோன் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் தெரிந்ததே. முதிர்ந்த உடலங்கள் மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதி ஒட்டிய முன்வடிவத்தை வெளிவிடுகின்றன. இளையவை அதை உள்ளிழுத்து, மெத்திலைக் கழற்றி, ஹார்மோனாக்கிக்கொள்கின்றன. 2014இல் வந்த இந்த ஆய்வைப் பற்றிக் கையேட்டில் ஒரு சொல்கூட இல்லை.

அதையாவது பொறுக்கலாம். எவ்வளவு நெருக்கமாக விதைப்பது என்பதற்கு "சில துளிகள்" என்று எழுதியிருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நெருங்கி விழுந்தால் ஆண்கள் பெருகும், விலகி விழுந்தால் இருபால்கள் மிகும், அடர்த்திதானே சோதனையே! விற்றவரிடம் கேட்டதற்கு அதே கையேட்டை மறுபடி அனுப்பிவைத்தார்.

தட்டுகள் பூஞ்சை பிடிக்காமல் நின்றன, ஸ்போர்களும் நன்றாக முளைத்தன. ஆகவே வாங்கலாம். ஸ்போர் கலந்த நீரில் ஒரு பங்கை அப்படியே ஒரு தட்டிலும், இன்னொரு பங்கை நீர் கலந்து பத்து மடங்கு நீர்க்கச் செய்து வேறொரு தட்டிலும் விதையுங்கள். உறுப்புகள் முதிர்ந்ததும் ஒரு துளி நீர் விட்டு நுண்நோக்கியில் வையுங்கள். சுருள் சுருளான விந்தணுக்கள் நீந்துவதை மாணவர்கள் முட்டிமோதிப் பார்ப்பார்கள்.