எகிப்து சாமிங்க: சார்ட்ல ஆரம்பிக்கணுமா, தராசுல ஆரம்பிக்கணுமா?

ஆறாங்கிளாஸ் பசங்களுக்கு பழைய எகிப்து மதத்த சொல்லித்தர ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு சாமி சார்ட். ரா சூரியன், அனுபிஸ் நரித்தலை, தோத் பறவைத்தலைன்னு மனப்பாடம் பண்ண வைக்கறது. டெஸ்ட் வைக்க ஈஸி, அவ்ளோதான். 3000 வருஷம் ஓடின மதம், ஊருக்கு ஊரு சாமி வேற, அமுனும் ராவும் சேந்து அமுன்-ரா ஆனதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள்ள அடங்காது.

இன்னொண்ணு, ஹுனெஃபர்ங்கற எழுத்தரோட மறுவாழ்வுக்காக எழுதின பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்ல இருக்கற தராசு படம் ஒண்ணையே வச்சு பாடத்த ஆரம்பிக்கறது. கி.மு. 1275 வாக்குல வரைஞ்சது, இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. ஒரு தட்டுல செத்தவரோட இதயம், இன்னொண்ணுல உண்மைக்கும் நீதிக்குமான சாமி மாஅத்தோட இறகு, அனுபிஸ் தராச சரிபாக்கறாரு, தோத் எழுதிக்கறாரு, பக்கத்துலயே முதலைத்தலையோட அம்மித்ங்கற பூதம் ரெடியா நிக்குது, இதயம் கனமா இருந்தா ஒரே முழுங்கு, மறுவாழ்வு அதோட காலி. அதே சாமிங்கதான், ஆனா இங்க வேல செய்றாங்க! மம்மி பண்றப்ப மூளைய வெளிய எடுத்துப் போட்டவங்க இதயத்த மட்டும் ஏன் உள்ளயே விட்டாங்கன்னும் புரிஞ்சிரும். இதயமே நமக்கு எதிரா சாட்சி சொல்லிரக் கூடாதுன்னு மந்திரம் எழுதின வண்டு தாயத்து வேற வச்சிருக்காங்க (செம உஷார் பார்ட்டிங்க).

இதுலயும் ஒரு சிக்கல், எகிப்துன்னாலே சாவுதான்னு பசங்க நெனச்சிருவாங்க. அதுக்கு பிரசவத்தையும் குழந்தைங்களையும் காக்கற குள்ளச்சாமி பெஸ்ஸ காட்டிட்டா போதும். என் ஓட்டு தராசுக்குத்தான், சார்ட்ட கடைசில பசங்களே நிரப்பட்டும்.