அரை விலை முகாம் சந்தா: இரண்டு வருடக் கணக்கு

டிரெய்லரை நிறுத்தித் தங்கும் முகாம்களில் பாதி விலைக்கு இடம் வாங்கித் தரும் பாஸ்போர்ட் அமெரிக்கா சந்தாவைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. வருடத்துக்கு ஏறக்குறைய 50 டாலர். பெரிய தொகை இல்லை என்று கட்டிவிட்டுப் போகலாம்தான். ஆனால் இதை வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் இந்த முறை பயண நோட்டை எடுத்து உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். எந்த ஊரில் எந்த இரவு எவ்வளவு கொடுத்தோம் என்பது அதில் ஒரு வரி விடாமல் இருக்கிறது.

எங்களிடம் இருப்பது உள்ளேயே தங்கிச் சமைக்கும் 28 அடி டிரெய்லர், அதை இழுக்க ஒரு டீசல் பிக்கப் வண்டி. டாலஸ் பக்கம் வீடு. கணவர் ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடத்தில் 118 இரவுகள் வெளியில் தங்கியிருக்கிறோம். அதில் இந்தச் சந்தாவின் உறுப்பினர் அட்டையைக் காட்டிப் பாதி விலைக்குத் தங்கியது 19 இரவுகள் மட்டும். மிச்சமான பணம் 418 டாலர். இரண்டு வருடச் சந்தாவைக் கழித்தால் 318.

லாபம்தான். ஆனால் அந்த 19 இரவுகள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். 17 இரவுகள் ஞாயிறு முதல் வியாழனுக்குள் வருகின்றன. ஏறக்குறைய எல்லாமே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் வழியில், சாப்பிட்டுத் தூங்கிக் காலையில் கிளம்பிவிட்ட இடங்கள். அமரில்லோ பக்கம், டூக்கம்காரி பக்கம், ஐ-10 நெடுஞ்சாலையில் ஃபோர்ட் ஸ்டாக்டன் பக்கம், டெமிங் பக்கம். போய்ச் சேர வேண்டும் என்று நாங்கள் ஆசைப்பட்ட ஒரே ஓர் இடத்தில்கூட அட்டை உதவவில்லை. கிராண்ட் கேன்யனின் மேத்தர் முகாமிலோ ஸயான் பூங்காவின் வாட்ச்மேன் முகாமிலோ இந்த அட்டைக்கு வேலையே இல்லை. அவை தேசியப் பூங்காவுக்குச் சொந்தமானவை. இந்தச் சந்தா செல்வது, இதில் சேர்ந்துகொண்ட தனியார் முகாம்களில். வாரநாளில் காலியாகக் கிடக்கும் இடத்தைப் பாதி விலைக்காவது நிரப்பலாம் என்றுதான் அவர்கள் சேர்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற நிபந்தனைகள் எல்லாம் தானாகப் புரியும்: பெரும்பாலும் வெள்ளி, சனி இல்லை, விடுமுறை நாட்கள் இல்லை, ஓர் இரவு அல்லது இரண்டு இரவுதான், இடம் இருந்தால்தான். அரிசோனாவில் குளிர்காலம் முழுக்கச் செல்லாது என்று போட்டிருக்கும் முகாம்களும் உண்டு. வடக்கே பனிக்குப் பயந்து கிளம்பி வருகிறவர்களால் அந்த மாதங்களில் அவை முழு விலைக்கே நிரம்பிவிடுகின்றன.

நிபந்தனை முகாமுக்கு முகாம் மாறும். இதைப் படிக்காமல் போய் நாங்கள் மாட்டிக்கொண்டது போன வருடம் மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறை வாரக்கடைசியில். நியூ மெக்சிகோவில் ஐ-40-இல் அன்று முழுக்கப் பக்கவாட்டுக் காற்று. ஒரு லாரி தாண்டிப் போனால் டிரெய்லர் அப்படியே ஆடும். கணவருக்குக் கையெல்லாம் வலி. இரவு எட்டு மணிக்கு ஒரு முகாமுக்குள் நுழைந்தோம். அட்டையைப் பார்த்துவிட்டு, "இந்த மூன்று நாளும் இது செல்லாது" என்றார் அலுவலகத்தில் இருந்த அம்மா. இன்னொரு முகாம் தேடிப் போகும் தெம்பு இல்லை. 62 டாலர் கொடுத்துத் தங்கினோம். அப்புறம் பார்த்தால் அந்த முகாமின் இணையப் பக்கத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. அன்றிலிருந்து மதியம் சாப்பிட நிறுத்தும்போதே போன் செய்துவிடுகிறேன். பல முகாம்களில் ஆன்லைனில் பதிவு செய்தால் இந்தத் தள்ளுபடி வராது, போனில்தான் கேட்க வேண்டும். எப்படியும் பேசித்தான் ஆக வேண்டும்.

போனில் மூன்று விஷயம் கேட்கிறேன். இன்றைக்கு அட்டை செல்லுமா? தள்ளுபடி இடத்தில் மின்சாரம் 30 ஆம்பா, 50 ஆம்பா? கழிவுநீர் இணைப்பு உண்டா? இரண்டாவது கேள்வியை ஒரு ஜூலை மாதம் கற்றுக்கொடுத்தது. டெக்சாஸில் 102 டிகிரி வெயில். பாதி விலை என்று கடைசி வரிசையில் ஓர் இடம் கொடுத்தார்கள். நிழல் இல்லை, தரை சரிவு. ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்துச் சமன்செய்யவே முக்கால் மணி நேரம் ஆனது. மின்சாரம் 30 ஆம்ப். எங்கள் டிரெய்லரில் இரண்டு ஏசி. 30 ஆம்ப் என்றால் மொத்தமே 3,600 வாட்தான், 50 ஆம்ப் இணைப்பில் 12,000 வாட் வரை கிடைக்கும். ஒரு ஏசியை ஓடவிட்டு மைக்ரோவேவில் சாம்பாரைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். கூடவே ரைஸ் குக்கரையும் போட்டதும் பிரேக்கர் விழுந்துவிட்டது. ஏசியை நிறுத்தினால்தான் சாதம். அன்று 21 டாலர் மிச்சம் என்று நோட்டில் இருக்கிறது. ஆனால் வேர்த்து ஊற்றிக்கொண்டு சாப்பிட்ட அந்தச் சாப்பாட்டை அந்த 21 டாலருக்கு ஈடாக என்னால் வைக்க முடியவில்லை. இப்போது வெயில் காலத்தில் 50 ஆம்ப் இல்லை என்றால் முழு விலையே கொடுத்துவிடுகிறோம்.

இன்னொன்று, சுற்றுவழி. தள்ளுபடி முகாம் நெடுஞ்சாலையிலிருந்து 22 மைல் உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 44 மைல். டிரெய்லரை இழுக்கும்போது எங்கள் வண்டி கேலனுக்குப் பத்து மைல்தான் கொடுக்கும். நாலரை கேலன் டீசல் போய்விடும், கூடவே ஒரு மணி நேரமும். 20 டாலரை மிச்சம் பிடிக்க 16 டாலருக்கு டீசல் எரிப்பதா? ஆரம்பத்தில் நாலைந்து முறை அப்படித்தான் செய்தோம். அந்த டீசல் செலவு 74 டாலரையும் கழித்தால், உண்மையான லாபம் 244. இப்போது ஐந்து மைலுக்கு மேல் உள்ளே இருந்தால் பார்ப்பதே இல்லை.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். குட் சாம் என்ற டிரெய்லர்க்காரர்கள் சங்கம், கே.ஓ.ஏ. என்ற தனியார் முகாம் தொடர், இரண்டிலும் உறுப்பினருக்கு 10 சதவீதம்தான் குறையும். ஆனால் இந்த அளவுக்கு நிபந்தனை இல்லை, நெடுஞ்சாலையை ஒட்டியே நிறைய முகாம்கள். ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் சந்தா வேறு மாதிரி: பண்ணையிலோ திராட்சைத் தோட்டத்திலோ ஓர் இரவு நிறுத்திக்கொள்ளலாம், தங்கக் கட்டணம் கிடையாது, அவர்களிடம் ஏதாவது வாங்க வேண்டும். பெரும்பாலும் தண்ணீர், மின்சாரம் இருக்காது.

ஆனால் எங்களுக்கு எல்லாவற்றையும்விட அதிகம் மிச்சப்படுத்தியது, வயதானவர்களுக்கு மத்திய அரசு தரும் சீனியர் பாஸ். கணவர் அதை வாங்கி வைத்திருக்கிறார். 62 வயது ஆன குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் வாங்கலாம். 80 டாலர் ஒரு தடவை கட்டினால் ஆயுள் முழுக்கச் செல்லும். தேசியப் பூங்காவில் நுழைவுக் கட்டணம் கிடையாது, அதோடு மத்திய அரசின் முகாம்கள் பலவற்றில் பாதிக் கட்டணம். ராணுவப் பொறியாளர் படை பராமரிக்கும் ஏரிக்கரை முகாம்களும் இதில் அடங்கும். லூயிஸ்வில் ஏரியில் ஹிக்கரி க்ரீக், லவான் ஏரிக்கரை என்று வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை இரவுகள்! கண்ணுக்கு எதிரே தண்ணீர், விரிந்த மரநிழல், பக்கத்து வண்டிக்கும் நமக்கும் நடுவில் நல்ல இடைவெளி. வயது ஆகிவிட்டதென்றால் முதலில் இதை வாங்குங்கள். அரை விலை கிளப்பெல்லாம் அப்புறம்.

வரும் அக்டோபரில் அரிசோனா வரை போய்வரத் திட்டம். திங்களன்று கிளம்பி வியாழனுக்குள் சேர்வதாக வைத்திருக்கிறோம். போக மூன்று இரவு, வர மூன்று இரவு. அதில் மூன்று இரவுக்கு அட்டை செல்லும் என்று போனில் பேசி உறுதி செய்துவிட்டேன். சந்தாப் பணம் அதிலேயே வந்துவிடும், அதனால் புதுப்பித்துவிட்டேன்.

என் மகளும் கேட்டாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கிளம்பினால் வெள்ளி சாயங்காலம், இல்லையென்றால் ஜூலை நான்காம் தேதி விடுமுறை. "உனக்கு வேண்டாம்டி" என்று சொல்லிவிட்டேன்.