டீசல் பர்னர் சர்வீஸ் என்று 18,500 ரூபாய் பறித்துவிட்டார்கள், உஷார்!

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் டீசல் பர்னர் வைத்து ஓவன் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். கோயம்புத்தூரில் பர்னர் சர்வீஸ் செய்யும் ஒரு கடைக்கு 18,500 ரூபாய் கொடுத்துவிட்டு வயிறெரிந்துபோய் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ரஸ்க், பன், வர்க்கி போடுகிறோம். கொஞ்ச நாளாகவே காலையில் பர்னர் மக்கர் பண்ணியது. ஃபேன் சுற்றும், டீசல் அடிக்கும், தீ மட்டும் பிடிக்காது. சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். போனில் தேடி அந்தக் கடையைக் கூப்பிட்டோம்.

வந்த ஆள் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். குழலை உருவி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, தீ பற்றவைக்கப் பொறி விடும் எலக்ட்ரோடு கம்பியின் நுனியில் இருந்த கரியை விரலால் வழித்து என் முகத்துக்கு நேரே காட்டினார். "பாருங்கக்கா, செத்துப்போச்சு. ட்ரான்ஸ்பார்மரும் அவுட்டுங்க. எங்கிட்ட விட்டுட்டீங்கல்ல, இனி அஞ்சு வருசத்துக்கு இந்தப் பக்கமே பார்க்க வேண்டாமுங்க" என்றார். கண்முன்னே கரி இருக்கிறது, அதைக் காட்டிப் பேசுகிறார். யார்தான் நம்பமாட்டார்கள்?

புது எலக்ட்ரோடு, டீசலைத் தூவுகிற நாசில், பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற ட்ரான்ஸ்பார்மர், கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். பணம் ஜிபேயில் உடனே போய்விட்டது. பில் கேட்டால் "வாட்ஸ்அப்ல அனுப்பறேங்க்கா" என்றார், இன்னும் வரவில்லை. பழைய ட்ரான்ஸ்பார்மரையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். எலக்ட்ரோடு பொருத்தும்போது அவர் கையில் ஒரு ஸ்கேல்கூட இல்லை. ஸ்க்ரூடிரைவரால் இப்படி ஒரு நெம்பு, அப்படி ஒரு நெம்பு, ஒற்றைக் கண்ணை மூடி ஒரு பார்வை. அவ்வளவுதான் செட்டிங்.

மறுநாள் விடிகாலை சுவிட்சைப் போட்டோம். டீசல் அடிக்கிற சத்தம் கேட்கிறது, தீ வரவில்லை. அப்புறம் ஒரே டமார்! பர்னர் உட்காரும் இடுக்கு, புகைக்குழாய் இணைப்பு எல்லா வழியாகவும் கரும்புகை கொப்பளித்தது. ரஸ்க்குக்கு வெட்டி அடுக்கியிருந்த ரொட்டி மொத்தமும் கரி. என் வீட்டுக்காரர் அரையடி முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

போன் செய்தால் முதலில் "ஓட ஓட செட் ஆயிருமுங்க". அடுத்து "உங்க ஊர் டீசல் சரியில்லைங்க". அதற்கடுத்து "பார்டர் தாண்டி வரணும்னா விசிட் சார்ஜ் தனிங்க". முதல் நாள் வந்தபோது இந்த பார்டர் எங்கே போயிருந்தது? கடைசியில் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 18,500 ரூபாய் வாங்கத் தெரிந்தவர்களுக்குப் போன் எடுக்கத் தெரியவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து வயதான பாய்லர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். எலக்ட்ரோடு நுனி இரண்டும் டீசல் தூவுகிற வழியிலேயே நீட்டிக்கொண்டிருந்தன. அங்கே இருந்தால் நுனியில் டீசல் பட்டுக் கரி பிடிக்கும், பொறி செத்துவிடும். நுனி தூவலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், ஃபேன் காற்றுதான் பொறியைத் தூவலுக்குள் தள்ளிவிடும் என்றார். எலக்ட்ரோடைச் சுற்றியிருக்கும் பீங்கானிலும் மயிரிழை விரிசல். நெம்பியதில் விட்டிருக்கிறது. விரிசல் வழியாகப் பொறி பக்கத்து இரும்புக்குத் தாவிவிடுமாம். மேஜைக்கு அடியில் கிடந்த பழைய நாசிலை எடுத்துப் பார்த்தால் தூவுகிற கோணம் 60 டிகிரி, இவர்கள் போட்டது 80 டிகிரி. தூவல் இன்னும் அகலம்.

அவர் ஸ்கேல் வைத்து அளந்தே வைத்தார். நுனிகளுக்கு நடுவே மூன்றரை மில்லிமீட்டர், நாசில் நடுப்புள்ளிக்கு மேலே 12 மில்லிமீட்டர், நாசில் முகத்துக்கு முன்னால் 2 மில்லிமீட்டர். பர்னருக்குப் பர்னர் இது மாறும், கூட வந்த புத்தகத்தில் உள்ள அளவைத்தான் வைக்க வேண்டும், நாசில் மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும் என்றும் சொன்னார். முதல் சுவிட்சிலேயே தீ பிடித்தது. அவர் வாங்கியது கூலியும் ஒரு எலக்ட்ரோடு செட், ஒரு நாசில் விலையும் மட்டும். பழைய ட்ரான்ஸ்பார்மர் நிஜமாகவே போயிருந்ததா என்று சோதிக்க அது இப்போது கையில் இல்லை!

என்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. கழற்றிய பாகம் எதையும் வெளியே விடாதீர்கள். ஸ்கேலோ கேஜோ இல்லாமல் எலக்ட்ரோடில் கை வைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். தீ பிடிக்கவில்லை என்றால் ரீசெட் பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள், உள்ளே டீசல் தேங்கி வெடிக்கும். கரண்டை அணைக்காமல் தொடவே வேண்டாம், அங்கே ஓடுவது பத்தாயிரம் வோல்ட்.

கடை வேறு மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. ஜிபே ரசீதும் கரி பிடித்த ரொட்டியின் போட்டோவும் வைத்திருக்கிறேன். பாலக்காட்டில் மனு கொடுக்கப் போகிறேன். இதே போல மாட்டியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.